பிக்கப்பில் ஒரு தார்க்குச்சி

அத்தையின் பிக்கப் வண்டியில், இருக்கைக்குப் பின்னால் ஒரு தார்க்குச்சி செருகியிருக்கும். மாடு ஓட்டுகிற குச்சிக்கு இங்கே என்ன வேலை என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அது அங்கே வந்த கதை எனக்குத் தெரியும்.

வடகரப்பதியில் அத்தைக்கும் மாமாவுக்கும் தக்காளித் தோட்டம். சர்க்கரை நோயில் மாமாவின் பார்வை மங்கியபின் வண்டி கொட்டகையிலேயே நின்றது. வேலந்தாவளம் சந்தைக்குப் போக அடுத்தவர் வண்டிக்குக் காத்திருந்ததில் பாதித் தக்காளி அழுகியது. வண்டியை விற்றுவிடலாம் என்றார் மாமா. அத்தையோ ஐம்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். உரிமத் தேர்வில் காரை 'எச்' வடிவத்தில் ஓட்டிக் காட்டும்போது இரண்டு முறை கம்பியைத் தட்டித் தோற்றார். மூன்றாவது முறையும் தோற்றால் வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அன்று 'எச்' தேறிவிட்டது. அடுத்து, இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையில் ஓட்டிக் காட்டவேண்டும். நான் புளியமரத்தடியில் நின்றிருந்தேன். கார் என்னருகே வரும்போது எதிரே ஒரு மாட்டு மந்தை சாலையை அடைத்தது. அத்தை காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து இறங்கிவிட்டார். அவர் நிதானமாக மந்தையின் பின்பக்கம் போய், "ஹேய், ஹேய்" என்று நாலு சத்தம் கொடுத்தார். மாடுகள் ஓரமாக நகர்ந்தன. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஹார்ன் அடிக்காத்தது எந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஹார்னடிச்சா மெரளுமுங்க. பின்னால நின்னு பேசுனா அதுவாப் போயிருமுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்து, "போகட்டே" என்றார். உரிமம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை செய்த முதல் வேலை, மாட்டுக் கொட்டகையிலிருந்து தார்க்குச்சியை எடுத்து வண்டியில் செருகியதுதான்.

மறுநாள் பள்ளியிலிருந்த பெரிய அகராதியில் 'டிரைவ்' என்ற சொல்லைப் பார்த்தேன். ஆதியில் அந்தச் சொல்லுக்கு, பின்னாலிருந்து உந்துவது, மந்தையை முன்னே செலுத்துவது என்று பொருளாம். வண்டியும் காரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இத்தனை வருஷம் நான் பாடம் நடத்திய சொல்லை அத்தை நடுரோட்டில் செய்து காட்டியிருந்தார். பெருமை தாங்காமல் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இதுக்கெதுக்கு அம்மிணி அத்தனை பெரிய பொஸ்தகம்?" என்றார்.

போன வாரம் அவர்களோடு சந்தைக்குப் போனேன். பின்னால் தக்காளிப் பெட்டிகள். எங்களிருவருக்கும் நடுவில் மாமா. வாய்க்கால் பாலத்தருகே அத்தை வண்டியை மெதுவாக்கினார். எனக்குச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. மாமா தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தார். வளைவுக்கு அப்பாலிருந்து மாட்டு மணிச்சத்தம் வந்தது.

மாமா கையைப் பின்னால் விட்டுத் தார்க்குச்சியை உருவி அத்தையிடம் நீட்டினார்.

"நீ எறங்கு. வண்டிய நான் பாத்துக்கறேன்."