மீன் கடனுக்கு வட்டி கேட்டேன்

திருவேட்டக்குடியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வியக்காவிடம் எங்கள் வீட்டுக்கு எப்போதும் கடன்தான். போன முறை அந்தக் கடனை நானும் அடைத்தேன், எனக்குத் தெரியாமல் என் மனைவியும் அடைத்துவிட்டாள்.

நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டதால், கூடுதல் பணம் இன்றுதான் திரும்பி வந்தது.

“இவ்ளோ நாளுக்கு வட்டி எங்கக்கா?” என்று சும்மா கேட்டுவைத்தேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. இரண்டு கை நெத்திலியை அள்ளிச் சட்டியில் போட்டார்.

“இந்தாங்க தம்பி, வட்டி.”

“எப்பவும் தலை கிள்ளி ஆஞ்சுதானே குடுப்பீங்க?”

“அது காசு குடுத்து வாங்குறவங்களுக்கு. வட்டி வாங்குறவங்க அவங்களேதான் ஆஞ்சுக்கணும்.”

மனைவி சிரித்துக்கொண்டே சட்டியை என் பக்கம் தள்ளினாள்.

மீன் கையோடுதான் இதைப் போனில் தட்டுகிறேன். கொல்லையில் துணைக்கு மூன்று பூனைகள்.

வட்டியை இப்போதுகூடத் தள்ளுபடி செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.