லோகநாயகியின் வைவா

திருவதிகையில் கடலையும் கரும்பும் போடும் குடும்பத்தில் பி.எச்டி. என்று கிளம்பிய முதல் ஆள் லோகநாயகி. கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வரலாற்று ஆசிரியை. பட்டம் வந்தால்தான் வேலை நிலைக்கும்.

அவள் எடுத்த பொருள் அரபு தேசியம் பிறந்த கதை. பெய்ரூட் அச்சுக்கூடங்களில் அரபு மொழி தலை நிமிர்ந்தது, துருக்கி சுல்தானுக்குத் தெரியாமல் இளைஞர்கள் சங்கம் கூடியது, டமாஸ்கஸில் நடுவீதியில் துருக்கிக்காரன் அந்த ஆட்களைத் தூக்கில் போட்டது என்று தேடித் தேடி எழுதினாள். பிறகு வந்தான் இங்கிலீஷ்காரன். துருக்கியை எதிர்த்தால் சுதந்திரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் பிரான்சோடு சேர்ந்து அந்த மண்ணைக் கூறு போட்டான்.

வழிகாட்டி சடையப்பன் முடிவுரையைப் படித்து உதட்டைப் பிதுக்கினார்.

“அரபுக்காரங்களை முழிக்க வச்சதே பிரிட்டிஷ்காரன்தான்னு மாத்தி எழுதும்மா. வைவாவுக்கு வர்றவரு அப்படித்தான் கட்டுரை எழுதியிருக்காரு. எதுக்கு வம்பு?”

மாற்றினாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

2011 பிப்ரவரியில் வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரை லாட்ஜில் தங்கவைத்து, காரில் சிதம்பரம் கூட்டிப்போய் நடராஜரைக் காட்டி, பந்தி போடுவதெல்லாம் ஆராய்ச்சி செய்தவர் தலையில்தான். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். காலையில் நடராஜர், வைவா முடிந்ததும் மத்தியானம் தேவனாம்பட்டினத்துக் கடல் எறா வறுவல் என்று ஏற்பாடு. லாட்ஜ் டிவியில் கெய்ரோவில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஆட்சியை எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் சேனலை மாற்றச் சொன்னார்.

வைவாவில் அவள் மாணவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்மா, அரபுக்காரங்களை எழுப்பினது யாரு?”

“அவுங்களேதான் முழிச்சிக்கிட்டாங்க சார்.”

“முடிவுரையில வேற மாதிரி இருக்கே?”

“அது பொய் சார். சடையப்பன் சார் மாத்தச் சொன்னாரு. நானும் பயந்துக்கிட்டு மாத்திட்டேன்.”

பட்டம் போச்சு, போகட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது.

தேர்வாளர் கொட்டாவி விட்டார். “சரி, சரி. எதுவா இருந்தா என்ன? எறா ஆறிடப் போவுது.”

எல்லோரும் சிரித்தார்கள். பட்டத்துக்குப் பரிந்துரை என்று அறிவித்தார்கள். கைதட்டினார்கள். அந்தப் பொய் இனி அவள் பெயரோடு நூலகத்தில் இருக்கும். திருத்தச் சொல்லக்கூட ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. சீ என்றிருந்தது அவளுக்கு.

பந்தியிலிருந்து சடையப்பன் குரல் கொடுத்தார்.

“டாக்டர் லோகநாயகி! சாருக்கு மோர் ஊத்துங்க.”

ஊற்றினாள்.