காவலரண் விளக்கும் எங்கள் செவ்வந்தியும்

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டின் பல்கனியில் ஒரு செவ்வந்தி நின்றது. மாமா வைத்தது. சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எங்களோடு இருந்தவர், கீழ்வீட்டு அன்ரியிடம் ஒரு பக்கக் கன்றை வாங்கிப் பழைய பெயின்ற் வாளியில் நட்டு, முட்டைக்கோதும் தேயிலைச் சக்கையும் போட்டு, நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் புதராக்கியிருந்தார். வேறு வேலை இருக்கவில்லை. வீட்டைவிட்டு இறங்கவே மாட்டார். பொலிஸ் பதிவு இன்னும் கிடைக்கவில்லை, அது இல்லாமல் கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மா சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது. சோம்பலுக்குச் சொல்லும் சாட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

செடி இலையாகத் தழைத்ததே தவிர, ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை. கீழ்வீட்டுப் பின்முற்றத்துத் தாய்ச்செடியோ மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. ஒருநாள் அந்த அன்ரி மேலே வந்து பார்த்து, "என்ன, கீரையா வளக்கிறியள்?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

இரண்டு செடிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே வித்தியாசம்தான். அங்கே ஆறரைக்கெல்லாம் கும்மிருட்டு. எங்கள் பல்கனிக்கு நேர் எதிரே, சந்திக் காவலரணின் பெரிய விளக்கு விடியும்வரை எரியும்.

"மாமா, இதுக்கு நித்திரை வருதில்லை. அதுதான் பூக்கேல்லை."

மாமா சிரித்தார். "அப்ப போய் அவங்களை லைற்றை நிப்பாட்டச் சொல்லன்."

நான் போகவில்லை. கடையில் பிஸ்கட் வந்த பெரிய மட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, மாலை ஆறு மணிக்குச் செடியை மூடினேன். காலை ஆறு மணிக்குத் திறந்தேன். காய்ச்சல் வந்தபோதும் தவறவில்லை. நாலாம் வாரம், கிளை நுனிகளில் மிளகளவு மொட்டுகள்!

அன்று மாலை செடியை மூடிய சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஒரு பொலிஸ் அதிகாரி. அவர் பின்னால் துவக்கோடு இன்னொருவர். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் பல்கனியில் தோன்றும் பெட்டியைக் காவலரணில் கவனித்திருக்கிறார்கள்.

"பெட்டியே மொகக்த?" பெட்டியில் என்ன என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

அதிகாரி மாமா இருந்த அறைப்பக்கம் நடந்து கதவுப்பிடியில் கைவைத்தார். மற்றவர் பல்கனிக்குப் போய்த் துவக்கு நுனியைப் பெட்டியை நோக்கி நீட்டினார். என் மொட்டுகள்!

"மல் கஹக், அங்கிள்! பூச்செடி! உடைக்க வேண்டாம்!"

கத்திக்கொண்டே அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்தேன். கதவுப்பிடியை விட்டுவிட்டு அவர் என்னோடு வந்தார். பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், ஏன் மூடுகிறாய் என்றார். உங்கள் லைற்றால் இதற்கு நித்திரை இல்லை என்று அரைகுறைச் சிங்களத்தில் முறையிட்டேன்.

வெடித்துச் சிரித்தார். வெலிமடையில் தன் அம்மாவும் இதைத்தான் வளர்க்கிறார் என்றார். கவனமாகப் பார்த்துக்கொள் மகளே என்று என் தலையில் தட்டிவிட்டு, மற்றவரையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். மறுநாள் மாலை விளக்கு தெருப்பக்கம் திரும்பியிருந்தது!

பதினேழு பூக்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கீழ்வீட்டு அன்ரியை நானே கைபிடித்து மேலே அழைத்துவந்தேன்.

"எடி, என்ர செடியைவிடப் பெரிசு!" என்றார். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்!

மனதுக்குள் ஒரே ஒரு குறை. பொலிஸ் படியிறங்கியதும் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதது என்னை அல்ல, அறைக்குள் இருந்த மாமாவை. செடியைக் காப்பாற்றியது நானல்லவா?

ஆனால் சாமிப்படத்துக்கென்று பறித்த முதல் பூவை, பாதி வழியில் திரும்பிவந்து அம்மா என் பின்னலில் செருகினார். நெற்றியில் நெடுநேரம் கொஞ்சினார். செவ்வந்தி வளர்த்த கெட்டித்தனத்துக்குத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டு, பூ விழுந்துவிடாதபடி தலையை ஆட்டாமல், தெரு முழுவதும் நிமிர்ந்து நடந்தேன்.