விருத்தாசலம் கட்டிய கப்பல் பெட்டி

விழுப்புரம் ஜங்ஷனில் விருத்தாசலம் என்று ஒரு போர்ட்டர் இருந்தார். குள்ளமான ஆள், கழுத்து மட்டும் காளைக் கழுத்து. செஞ்சிப் பக்கமோ திண்டிவனம் பக்கமோ, எவன் மலாயாவுக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தாலும் முதலில் இவரைத் தேடிக்கொண்டுதான் பிளாட்பாரத்துக்கு வருவான். பாஸ்போர்ட்டு வாங்கித் தர ஏஜெண்டு உண்டு, டிக்கெட்டு வாங்கித் தரவும் ஆள் உண்டு. பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைத்தால் வீண் என்று சொல்ல இவரைவிட்டால் ஆள் கிடையாது.

காரணம் இருக்கிறது. மனிதர் பினாங்குத் துறைமுகத்தில் எட்டு வருஷம் மூட்டை தூக்கியவர். முப்பத்தெட்டில் போனார். மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்குள் சண்டை வந்துவிட்டது. ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, கடுதாசியும் நின்றது. நாற்பத்தாறில்தான் ஊர் வந்து சேர்ந்தார். போகும்போது பெண்சாதி குப்பம்மாள் வயிற்றில் இருந்த பிள்ளை, இவர் வரும்போது ஏழு வயசுப் பெண்ணாக வாசலில் நின்று, "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்டது. மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போன மூத்த பையன் இல்லை. அம்மையில் போய்விட்டான் என்று போன மறு வருஷமே கடுதாசி வந்திருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கப்பலில் இருந்து இறங்கிய ஆயிரம் பெட்டிகளைத் தோளில் சுமந்தவருக்குப் பெட்டியின் பாஷை தெரியாமல் இருக்குமா? கேட்க வந்தவனைக் குந்த வைத்துச் சொல்லுவார்.

"தோல் பொட்டி வாணாம்யா. உப்புக் காத்து பட்டா பூசணம் புடிச்சிப் பூடும். தகர டிரங்குப் பொட்டி வாங்கு. மூடியில பேரு, எறங்குற ஊரு, ரெண்டையும் இங்கிலீசுல வெள்ளப் பெயிண்டால எழுது. மூடியில மட்டும் எழுதினா இன்னொரு பொட்டிய மேல வெச்சா மறஞ்சிடும், அதனால பக்கவாட்டுலயும் எழுது. பூட்ட நம்பாதே. தேங்காநார்க் கயிற ரெண்டு சுத்து சுத்தி முடிச்ச அடியில போடு."

"எண்ணெ கொண்டாந்து தரச் சொல்லிக் கீறாங்கண்ணே, பாட்டில்ல..."

"பாட்டில்ல கொண்டும் போனியின்னா புடவையெல்லாம் தலை முழுகும். தகர டப்பாவுல ஊத்தி வாய ஈயத்தால பத்த வெச்சி எடுத்துக்கினு போ. கருவாடு வாணாம், அங்க தூக்கிக் கடல்ல போட்டுடுவான். வறுத்த மல்லாட்டைக் கடலை வெய்யி, எலுமிச்சம்பழம் நெறைய வெய்யி. கப்பல் ஆடுறப்போ அதான் உனக்கு ஆத்தா, அப்பன் எல்லாம். டெக்குல நடுவால எடம் புடி. கோடியில படுத்தா கொடலு வாய்க்கு வரும். காயிதம் ஒண்ணுகூடப் பொட்டியில வெக்கக் கூடாது. பாஸ்போர்ட்டு, பர்மிட்டு, அம்மை குத்தின மஞ்சப் புஸ்தகம், எல்லாம் இடுப்புல. அது இல்லாதவன தீவுல எறக்கி உட்டுடுவான். நான் கண்ணால பாத்தவன்."

பார்த்தவர்தான். பினாங்குக்கு எதிரே, நோய் இருக்குமென்று சந்தேகப்பட்டவர்களை அடைத்து வைக்கும் அந்தத் தீவுக்குப் படகில் ஏற்றிப்போன சனங்கள் கரையைப் பார்த்துக் கத்தியதை அவர் மறந்ததில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, ஐம்பத்தேழாம் வருஷம் தன் வீட்டுப் பெட்டியைக் கட்டும் வேளை வந்தது. மகள் வெள்ளையம்மாளைக் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் சின்னக்கண்ணுவுக்குக் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம். மாப்பிள்ளை லீவில் வந்து தாலி கட்டி, ஒன்றரை மாசம் இருந்துவிட்டுப் போனவன். அப்புறம் பர்மிட்டுக்கு எழுதிப் போட்டு, எழுதிப் போட்டு, கடைசியில் ஆகஸ்டு முடிகிற சமயம் வந்து சேர்ந்தது. செப்டம்பர் முப்பதுக்குள் அந்தக் கரையில் காலை வைக்க வேண்டும். தப்பினால் காகிதம் செல்லாது. மறுபடி கொடுப்பானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மாப்பிள்ளையே எழுதியிருந்தான். சட்டம் இறுகிக்கொண்டு வந்த காலம் அது. பன்னிரண்டாம் தேதி மெட்ராசிலிருந்து ஒரு கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் அக்டோபர் நாலாம் தேதி.

விருத்தாசலம் பெட்டி கட்டிய அழகைப் பார்க்கப் போர்ட்டர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தார்கள். அடியில் பழைய வேட்டி விரித்து, பெண்ணின் புடவைகளைச் சுருட்டி ஓரம் முழுக்க அடைத்து, நடுவில் எண்ணெய் டப்பா, ஊறுகாய் ஜாடி, மாப்பிள்ளைக்குப் பிடித்த கேப்பை மாவு. ஆட்டிப் பார்த்தால் ஒரு சத்தம் வராது. உடுத்திக்கொள்ள இரண்டு புடவையை வெளியே வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் உள்ளே வைத்துக் கட்டிவிட்டார்.

மஞ்சள் புத்தகம் மட்டும் பாக்கி. விழுப்புரத்து டாக்டர் லீவில் போயிருந்ததால் இரண்டாம் தேதி மூன்று பேருமாகத் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினார்கள். டாக்டர் வெள்ளையம்மாளின் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். இந்தக் கையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார்.

"தழும்பு எங்கேம்மா? சின்னப் பிள்ளையில அம்மை குத்தலையா?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். குப்பம்மாள் சுவரைப் பார்த்தாள். பெண்ணின் தோளை எந்தத் தகப்பன் பார்த்தான்? அவர் ஊரில் இல்லாத வருஷங்களில் அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தபோதெல்லாம் குப்பம்மாள் பிள்ளையைத் தூக்கி வெறும் குதிருக்குள் இறக்கி மூடி வைத்திருக்கிறாள். அது அன்றைக்கு மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஏற்கெனவே குத்தியிருந்தா இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றார் டாக்டர். "முதல் தடவைன்னா எட்டாம் நாள் வரணும். கொப்புளம் எழும்பியிருக்கிறதைப் பார்த்துட்டுத்தான் போட முடியும். பத்தாம் தேதி வாங்க. பன்னெண்டுக்குக் கப்பல்ன்னா இடிக்காது. அதுவரைக்கும் கையில தண்ணி படக்கூடாது, தேய்க்கக் கூடாது."

குத்தினார். வெளியே வந்தார்கள். விருத்தாசலத்துக்குப் பயம் கொஞ்சம் தெளிந்திருந்தது. எட்டு நாள்தானே.

பத்தாம் தேதி காலையில் மூன்று பேரும் போனார்கள். டாக்டர் கையைத் திருப்பினார். வெறும் கை. கொசு கடித்த தடம்கூட இல்லை.

"எடுக்கலையே" என்றார். "கழுவினியாம்மா?"

வெள்ளையம்மாள் அழ ஆரம்பித்தாள். "அம்மாதான் நைனா... டேசன் கொயாயில..."

குத்திய அன்றைக்குத் திண்டிவனம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, மரக்காணத்துக்காரன் ஒருவன் பினாங்கு போகப் பெட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். அதில் கயிறு சுற்றியிருந்த லட்சணத்தைக் காணச் சகிக்காமல் விருத்தாசலம் ஓடிப்போய் அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் குப்பம்மாள் பெண்ணைக் குழாயடிக்கு இழுத்துப்போய், மடியில் முடிந்து கொண்டுவந்த மஞ்சளையும் வேப்பிலையையும் கசக்கி, குத்திய இடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

"ஏண்டி?" என்றார் விருத்தாசலம்.

குப்பம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இன்னான்ற? ஆத்தா தானா வர்றது வேற. மனுசன் ஊசியால ஆத்தாள எழுப்பி உள்ள உடுறது வேற. மூத்தவன் சின்னதுரைக்குக் குத்துனாங்க. குத்தி ஒம்பதாம் நாளு என் புள்ளைய வாரிக் குடுத்தேன். அப்ப நீ எங்க இருந்தே? பினாங்குல மூட்ட தூக்கிக்கினு இருந்தே. இப்ப இது ஒண்ணுதான்யா எனக்கு."

ஊரெல்லாம் அம்மை விளையாடியபோது குத்தினார்கள். குத்துவதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளைக்குள் அது இறங்கியிருந்தது. டாக்டர் இதைப் பொறுமையாகத்தான் சொன்னார். பதினெட்டு வருஷமாக ஒன்பது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவளிடம் போய் இதைச் சொல்லி என்ன பயன்?

டாக்டர் மறுபடி குத்தினார். "பதினெட்டாம் தேதி வாங்க."

"பன்னெண்டுக்குக் கப்பலுங்க."

"தெரியும்."

"ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க சாமி. கொப்புளம் எழும்பிச்சின்னு. எப்பிடியும் எழும்பப் போவுது இல்ல?"

"அங்கே இறங்கினதும் கையைப் பார்ப்பான். தீவுல வெச்சிடுவான், இல்லேன்னா திருப்பி அனுப்புவான். நீங்கதான் அங்கே வேலை பார்த்தவராமே. நீங்களே கேட்கலாமா இதை?"

கேட்டாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலை மெட்ராஸ் வண்டிக்கு டியூட்டி. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து கிருஷ்ணசாமி என்பவர் குடும்பத்தோடு அதே கப்பலுக்குப் புறப்பட்டு வந்து நின்றார். போன மாசம் இவரிடம் யோசனை கேட்டுப் போனவர்தான். சொன்னபடியே தகரப் பெட்டி, சொன்னபடியே வெள்ளைப் பெயிண்டு.

"இன்னா விருத்தாசலம், உம் பொண்ணும் இதே கப்பலுன்னியே? மெட்ராசுக்கு முன்னாடியே அனுப்பிட்டியா?"

"இல்லீங்க. கொஞ்சம் தாமசம்."

"எம் பொட்டிய ஒரு தபா பாரு. சரியாக் கட்டியிருக்கானா எம் மச்சான்?"

குனிந்து பார்த்தார். தொட்டு இறுக்கினார். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிக்குள் கொண்டுபோய் வைத்தார். இறங்கி வரும்போது ராஜாமணி என்கிற போர்ட்டர் பீடியைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "ஊருக்கெல்லாம் பொட்டி கட்டினே மாமா. உம் பொட்டி மட்டும் ஊட்டுலயே குந்திக்கினு கீதே!"

வேறு நாளாக இருந்தால் ராஜாமணியின் பல் தரையில் கிடந்திருக்கும். அன்றைக்கு விருத்தாசலம் அவனைத் தாண்டிப் போய்விட்டார். ராஜாமணிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சொம்மா சொன்னேன் மாமா" என்று பின்னாலேயே வந்தான்.

பன்னிரண்டாம் தேதி லீவு போட்டு மெட்ராசுக்குப் போய், கப்பல் ஆபீசில் ஒரு வரிசையில் நின்று, இன்னொரு வரிசையில் நின்று, கடைசியில் ஒரு கிளார்க்கிடம் பர்மிட்டை நீட்டினார். முப்பதாம் தேதிக்குள் போக வேறு கப்பல் இருக்கிறதா என்று கேட்டார். நாகப்பட்டினத்தில் கேட்டுப் பார் என்றார் அவர். நாகப்பட்டினத்துக்கும் வருவது இதே கப்பல்தான், இரண்டு நாளில் அதுவும் கிளம்பிவிடும் என்று விருத்தாசலத்துக்குத் தெரியும். கிளார்க்குக்கும் தெரிந்திருக்கும். இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனசு வராமல் சொல்லி அனுப்பியிருக்கலாம். மாப்பிள்ளைக்குத் தந்தி அடித்துவிட்டுத் திரும்பினார்.

இந்தத் தடவை குத்திய அம்மைப் பால் எடுத்துக்கொண்டது. நாலாம் நாள் கை தடித்தது, ஜுரம் வந்தது. குப்பம்மாள் வாசலில் வேப்பிலை சொருகிவிட்டுப் பெண்ணின் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையைத் தொடவில்லை. தொடவில்லை என்று புருஷனுக்குக் காட்டுவதற்காகவே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். விருத்தாசலம் விடியுமுன்பே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வீட்டில் இருந்து பேசினால் அந்த எட்டு வருஷம் வெளியே வரும்.

பதினெட்டாம் தேதி வண்டி வைத்து மகளை மட்டும் திண்டிவனத்துக்குக் கூட்டிப் போனார். டாக்டர் கொப்புளத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பிரமாதமா எடுத்திருக்கு" என்று மஞ்சள் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதினார். "மூணு வருஷத்துக்குச் செல்லும். அந்தக் கப்பல் என்ன ஆச்சு?"

"பூட்டுதுங்க" என்றார் விருத்தாசலம்.

டாக்டர் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குப்பம்மாள் மகளின் ரவிக்கைக் கையைத் தள்ளிப் பார்த்தாள். ஜுரம் விட்டிருந்தது. பிள்ளை உயிரோடு நின்றாள். ஒன்பதாம் நாள் அவள் பயந்தது நடக்கவில்லை. தாய்க்காரிக்கு உடம்பு லேசாகி, பேச்சுக்கூட ஜோராக வந்தது.

"அடுத்த கப்பலு எப்போன்ன?"

"நாலாந்தேதி."

"அப்ப பொட்டி அப்பிடியே இருக்கட்டும். மாவுல மட்டும் வண்டு வெச்சிருக்கும், மாத்திடலாம். ஏன்யா, நாலாந்தேதி கப்பலுல நம்மூரு ஆளு யாராச்சும் வர்றாங்களான்னு கேளு. தொணைக்கு ஆவும்."

வெள்ளையம்மாள் தகப்பனைப் பார்த்தாள். அவளுக்குப் பர்மிட்டுத் தேதி தெரியும்.

"பர்மிட்டு முப்பதோட முடியுது" என்றார் அவர்.

"முடிஞ்சா?"

"மறுபடி எழுதிப் போடணும்."

"எழுதிப் போட்டா குடுப்பானா?"

"தெரியல."

"இன்னாய்யா தெரியலன்ற? ஊரே உன்னத்தான் வந்து கேக்குது. உனக்குத் தெரியாதா?"

"தெரியல புள்ள" என்றார் விருத்தாசலம். வெளியே இரண்டு பேர் வந்து நின்று, மலாயாவுக்குப் போக யோசனை கேட்க வேண்டும் என்று அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போகவில்லை.