வற்றாத கண்மாய் யாருக்கு வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை, கே.கே. நகரிலிருந்து கிளம்பும்போதே செந்திலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செந்தில் என் மனைவியின் தம்பி. கோல்ஃப் மைதானம் வடிவமைக்கிற இன்ஜினியர். மதுரைக்கு மேற்கே அவன் கம்பெனி வாங்கிப் போட்டிருக்கும் மானாவாரி நிலத்தில், அவனுடைய முதல் மைதானம் வரப்போகிறது. நடுவில் ஒரு கண்மாய். அது மட்டும் ஊர்ச் சொத்து. ஊர் சம்மதித்தால்தான் கரையை ஒட்டிப் புல் வைக்கலாம். இல்லையென்றால் இவன் வேலைக்கே வேட்டு!

"நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்க மாமா, போதும்" என்றான். எனக்குச் சும்மா உட்காரத்தான் வராது, உங்களுக்கே தெரியும்... ஆனாலும் போனேன்.

ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் கூட்டம். செந்தில் வரைபடத்தை விரித்தான். பாறையை உடைக்கவில்லை, பந்து அதைச் சுற்றிப் போகும். ஓடையைத் திருப்பவில்லை. பழைய சுமைதாங்கிக் கல்லைக்கூட இருந்த இடத்திலேயே விட்டிருந்தான். நிலத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான் பயல் — எனக்கே பெருமையாக இருந்தது. கூட்டமும் தலையாட்டியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவானா?

"கோடையிலயும் கம்மா வத்தாது. போர் போட்டு வருஷம் பூரா நாங்களே நிரப்பி வச்சிருவோம்!"

கைதட்டலை எதிர்பார்த்து நின்றான். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

வார்டு மெம்பர் பேச்சியம்மாள் எழுந்தார்.

"வத்தாட்டி மீன்பிடிக்கு எப்படித் தம்பி எறங்குறது?"

கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், ஊரே வலையும் கூடையுமாகக் கண்மாயில் இறங்குகிற நாள் ஒன்று உண்டு. அதைத்தான் கேட்கிறார். செந்திலுக்குப் புரியவில்லை.

"மீன்தானேக்கா? வீட்டுக்கு வீடு நாங்களே வாங்கித் தந்துர்றோம்."

போச்சு! அன்றைய மீனை விற்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். கிடைக்காத வீட்டுக்கும் கொடுத்துவிட்டுத்தான் குழம்பு வைப்பார்கள்.

"வெலைக்கு வாங்குன மீனுக்கா செல்லூர்ல கட்டிக் குடுத்த எம் மக பஸ் ஏறி வருவா?" பேச்சியம்மாள் விடவில்லை. "வரப்புத் தகராறுல எங்கண்ணே எங்கூடப் பேசுறதில்ல. அன்னைக்கு ஒரு நா மட்டும், 'அந்தா வெரால் போகுது, அமுக்கு புள்ள'ன்னு கத்தும். அம்புட்டுத்தேன் எங்க ஒறவு. அதையும் தண்ணிய விட்டு மூடிருவீகளா?"

கூட்டம் எழுந்துவிட்டது. அடுத்தவருக்கு நல்லது செய்யக் கிளம்புகிற நாம், அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதை மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

செந்தில் நேராகப் பேச்சியம்மாளிடம் போய் ஏதோ பேசினான். பிறகு அங்கிருந்தே முதலாளிக்கு போன்.

"சார், கம்மாய நிரப்ப வேண்டாம் சார். கோடையில வத்தட்டும்... ஆமா சார், சேறுதான் தெரியும்... நான் அப்படித்தான் வரைவேன் சார்."

எதிர்முனை கத்தியது எனக்கே கேட்டது. அப்புறம் லைன் கட்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குத்தான் படபடப்பு. "வேலை போச்சுன்னா என்ன மாப்ள பண்ணுவ?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"மீன்பிடிக்குப் போறேன் மாமா. வெளியூர்க்காரனும் எறங்கலாமாம்... அந்தக்காகிட்டக் கேட்டுட்டேன்."