பசியை விசாரித்த டாக்டர்

ரத்த மாதிரிக் குழாய்களை இயந்திரத்தில் சுழலவிட்டுவிட்டு நின்றிருந்தேன். வார்டு சிஸ்டர் ஆய்வகக் கதவருகே வந்து, "நம்ம மல்லிகா மேடம் போயிட்டாங்க கண்ணு. மாரடைப்பாம்" என்றார். இயந்திரம் நின்றதும் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன்.

திருப்பூரில் எங்கள் சிறிய மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அவர். நான் ஆய்வகத்தில் ரத்தம் பார்ப்பவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. டாக்டர்கள் முன் பேசக் கூசுவேன். வேலைக்குச் சேர்ந்த அன்று சிஸ்டர், "சாப்டாச்சா?" என்றார். "ஆச்சுங்க" என்றேன். அங்கிருந்த மேடம் திரும்பி, "என்ன கொழம்பு?" என்றார். சாப்பிடவே இல்லாத நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார்.

குடல்வால் வீக்கத்தைக் கணிக்கப் பத்து மதிப்பெண் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. வலி இடம் மாறியதா, காய்ச்சல் உண்டா, வெள்ளணுக்கள் கூடினவா என்று பார்ப்பார்கள். பசியின்மைக்கும் அதில் ஒரு மதிப்பெண். "சாப்டாச்சான்னு கேட்டா, பசிக்காதவங்களும் ஆச்சுங்கன்னுதான் சொல்லுவாங்க. நம்மூரு மரியாதையில அந்த ஒரு மார்க்கு தொலஞ்சு போயிருதுங்க" என்பார் மேடம்.

ஒருநாள் காலை எஸ்தர் என்ற பெண்ணை அவளுடைய சூப்பர்வைசர் அழைத்து வந்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைப்பவள். வலி தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கியிருந்தது. பயிற்சி டாக்டர் கேட்டதற்கு, சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

மேடம் வந்து, "ஏங்கண்ணு, சுடச்சுட பரோட்டா வாங்கியாரச் சொல்லட்டா?" என்றார்.

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேண்டாம் டாக்டர். நெனச்சாலே கொமட்டுது."

"ஷிப்மென்ட் நேரத்துல நடிக்குதுங்க" என்றார் சூப்பர்வைசர். "ஒரு ஊசி போட்டு அனுப்பிருங்க மேடம்."

"வலி மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"கம்பெனியில எப்பவும் குடுக்கறதுதானுங்க."

"அதான் காய்ச்சல் தெரியல."

வெள்ளணுக்கள் சற்றே கூடியிருந்தன. அழற்சியைக் காட்டும் சிஆர்பி சோதனையோ எதையும் காட்டவில்லை. "ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சில்லீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"ரத்தம் நடிக்காதுங்க. ஆனா சிலசமயம் லேட்டாத்தான் பேசும். புள்ள இங்கயே இருக்கட்டும். வயித்துக்குள்ள குடல்வாலு ஒடஞ்சா உசுருக்கே ஆபத்து."

அவசரப்பட்டு வயிற்றைத் திறக்கவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. மணிக்கொரு தரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மதியம் மறுபடி ரத்தம் எடுத்தோம். சிஆர்பி பார்க்கும் கறுப்புத் தகட்டில், ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு சோதனை மருந்தைக் கலந்தேன். இம்முறை பால் திரிவதுபோலத் திரிந்தது; அழற்சி இருந்தால்தான் அப்படித் திரியும். வெள்ளணுக்களும் ஏறியிருந்தன. அன்றுதான் கூச்சத்தை மறந்து, காகிதத்தோடு வார்டுக்கு ஓடினேன்.

அறுவை முடிந்து மேடம் ஆய்வகத்துக்கே வந்தார். "நல்லா வீங்கியிருந்துச்சு. ஒடையல கண்ணு" என்றார்.

தையல் பிரிக்க வந்த எஸ்தர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பரோட்டா. மேடம் எதிரிலேயே பிய்த்துத் தின்றாள். "இதுதான் எனக்கு ரிப்போர்ட்டு" என்று மேடம் சிரித்தார்.

நேற்று காங்கேயத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மாலையை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். உறவினர் ஒருவர் அருகில் வந்து, "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கறீங்க, ஏதாச்சும் சாப்டீங்களா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை.

என்ன குழம்பு என்று கேட்கக்கூடியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தார். விடை கொடுங்கள், மேடம்.