கம்பெனி வைக்காத படி

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘ஒரிஜினல்’. பழைய லாரி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், வைத்திருப்பவரை நலம் விசாரிப்பதற்கு முன்பே, “கதவு ஒரிஜினலா? ஹாரன் ஒரிஜினலா?” என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்தும் அதையே கேட்டாராம். இது அவருடைய மச்சினன் கட்டிவிட்ட கதை. கேட்டவர்களில் ஒருவர்கூட நம்பாமல் இல்லை.

லாரி கம்பெனி ஒன்றின் உதிரிபாகக் கிடங்கில்தான் அவர் தலைமுடி நரைத்தது. ஊர் ஊராய் ஓட்டித் தேய்த்துக் கொண்டுவந்ததை வாங்கி ஓரமாய்ப் போட்டுவிட்டு, எண்ணெய்க் காகிதம் பிரிக்காத புதுச் சாமானை எடுத்துக் கொடுப்பது வேலை. அதனால்தானோ என்னவோ, வண்டி என்றால் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த முதல் நாளில் எப்படி இருந்ததோ அதுதான் வண்டி என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் டிரைவர்கள் செய்யும் கெடுதல். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த ரகம்.

ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார். ஒன்று, இரண்டு என்று ஐந்து பழைய லாரிகள் வந்து சேர்ந்தன. ஒரு யானையைக் கட்டித் தீனி போடுவதற்கே மனிதர்கள் முழி பிதுங்குகிறார்கள், இவர் ஐந்தைக் கட்டினார். அவர் மனைவியின் துணிக்கொடி ஒவ்வொரு லாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து, கடைசியில் மதில் சுவரோரம், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் போய் நின்றது. ஆள் குள்ளம், முழங்காலிலும் வலி. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு லாரியிலும் ஏறிப் பார்த்ததில்லை. “அவளுக்கு லாரின்னாலே ஆகாதுப்பா” என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகிவிட்டது.

ஆறாவது வண்டி ஒரு நர்ஸ் வீட்டிலிருந்து வந்தது. அவளுடைய அப்பா ஓட்டிய நீள மூக்கு லாரி. அவர் போன பிறகு மரத்தடியில் கிடந்தது. நர்ஸ் விலை பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“முடிச்சதும் சொல்லுங்கண்ணே. அம்மாவைக் கூட்டிட்டு வரேன். அவங்க வண்டியில ஒரு தடவை உக்கார வச்சு ஒரு சுத்து சுத்திட்டு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“இதென்ன பெரிய விஷயம்மா? புது வண்டியாவே காட்டறேன் பாரு” என்றார் ஒரிஜினல்.

சொன்ன சொல் தவறாதவர். துருவைச் சுரண்டி, நெளிவை நிமிர்த்தி, தேடாத இடமெல்லாம் தேடி அந்தக் காலத்து முகப்பு விளக்கு வாங்கி மாட்டினார். டிரைவர் எழுதி வைத்த எழுத்து, கட்டி வைத்த கொக்கி எல்லாம் போயின. கிளீனர் பக்கத்துக் கதவுக்குக் கீழே, கம்பெனிப் படிக்கும் கீழே, இன்னொரு படி பற்றவைத்திருந்தது. பழைய பட்டை இரும்பு, அதன்மேல் டயர் துண்டு. வெல்டிங் வேலையெல்லாம் மச்சினனுடையது. அவன் அந்தப் படியைத் தட்டிப் பார்த்தான்.

“நல்லா உறுதியா பண்ணியிருக்காங்க மாமா. இருந்துட்டுப் போகட்டுமே?”

“கம்பெனி வச்சதா?”

“இல்ல.”

“அப்ப எடு.”

எடுத்தாயிற்று. அந்த மாதக் கடைசியில் பழைய வண்டிகளின் கண்காட்சி. கம்பெனி வைக்காத ஒரு திருகாணி இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்கிற இடம். இந்த முறை பரிசு தனக்குத்தான் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

அதற்கு முன்னால் நர்ஸ் தன் அம்மாவோடு வந்தாள். எண்பதை நெருங்கிய சிறிய உருவம். வண்டியின் பளபளப்பையோ விளக்கையோ அந்த அம்மா பார்க்கவில்லை. நேராகக் கிளீனர் பக்கம் போனார். கைப்பிடியைப் பிடித்தார். கீழே பார்க்காமலே இடது காலைத் தூக்கி வைத்தார். கால் வெறும் காற்றில் இறங்கியது. மகள் பாய்ந்து பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

“இது வேற வண்டி தம்பி.”

ஒரிஜினலின் முகத்தில் ஈயாடவில்லை. “இல்லம்மா, இதுதான். இஞ்சின் நம்பர் பாருங்க, சேஸிஸ் நம்பர் பாருங்க, எல்லாம் உங்க வண்டி நம்பர்தான்...”

“நம்பரை நான் என்னைக்குப் பாத்தேன்? என் காலுக்குத் தெரியும்.”

“கல்யாணம் ஆன புதுசுல அப்பா பண்ணின படிண்ணே” என்றாள் நர்ஸ் மெதுவாக. “அம்மா குள்ளம். வெளியூர் லோடுன்னா அப்பா கூடவே போவாங்க. அம்மா, நான் தூக்கி வைக்கட்டா?”

“நான் என்ன மூட்டையா?” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் ‘ஒரிஜினலா?’ என்று கேட்டவர், தன் வண்டியையே ஒருவர் ஒரிஜினல் இல்லை என்று சொல்லிவிட்டதில் வெட்கிப்போனார். பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். படி இல்லை.

“அது அங்க இருக்காது மாமா” என்றான் மச்சினன். “அக்காவைக் கேளுங்க.”

மதிலோரம் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடி அவளுக்கு எட்டியிருந்தது. அவள் காலுக்குக் கீழே இரண்டு செங்கல், செங்கல்மேல் டயர் துண்டு ஒட்டிய அந்தப் படி.

“கொஞ்சம் இறங்கேன்.”

“எதுக்கு? குப்பையில கிடந்ததைத்தானே எடுத்தேன்?”

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் இறங்கிப் படியை அவர் கையில் கொடுத்தாள். “செங்கல் என்னோடது. அதையும் தூக்கிட்டுப் போயிடாதீங்க” என்றாள்.

அவர் பிடித்துக்கொள்ள, மச்சினன் பற்றவைத்தான். புதுப் பெயின்ட் சுற்றிலும் பொரிந்து கருகியது. சூடு ஆறியதும் அந்த அம்மா வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். இந்தத் தடவையும் கீழே பார்க்கவில்லை. படி காலுக்குக் கிடைத்தது. ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

ஒரிஜினல்தான் ஓட்டினார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு திருப்பத்தில் அந்த அம்மா, “ஹாரன் அடிக்கணும் தம்பி” என்றார். ஒரிஜினல் அடித்தார்.

அவர்கள் போன பிறகு மச்சினன் கருகிய இடத்தைத் தடவிப் பார்த்தான். “கண்காட்சிக்கு முன்னாடி திரும்ப எடுத்துடலாமா மாமா?”

ஒரிஜினல் பதில் சொல்லுமுன், “தள்ளுங்க” என்று ஒரு குரல். மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறி, உள்ளே உட்கார்ந்து, கதவையும் சாத்திக்கொண்டாள். ஜன்னல் வழியே கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“உனக்குத்தான் லாரின்னா ஆகாதே?” என்றார் அவர்.

“யார் சொன்னது? எட்டாம நின்னேன். நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார். மற்ற ஐந்து லாரிகளும் வரிசையாக, அப்பழுக்கில்லாமல் நின்றன. ஒன்றிலும் அவளால் ஏற முடியாது.

“ஏம்ப்பா, பட்டை இரும்பு மிச்சம் இருக்கா?” என்று மச்சினனிடம் கேட்டார்.

“எதுக்கு மாமா?”

“அஞ்சு படிக்கு.”